தொண்டைப் புற்றுக்கு ப்ரோட்டான்: நிலத்தை விற்கும் முன் போட வேண்டிய கணக்கு

கேள்வியின் சுருக்கம் இது. அப்பாவுக்கு 56 வயது, 30 வருடப் பீடிப் பழக்கம். வலது டான்சிலில் புற்று, அதே பக்கம் கழுத்தில் இரண்டு நெறிகட்டி. 35 நாள் ஐ.எம்.ஆர்.டி. ரேடியேஷன் (கட்டியின் வடிவத்துக்கேற்ப எக்ஸ்ரே கதிரைக் கூட்டிக் குறைத்துக் கொடுக்கும் முறை), கூடவே வாரம் ஒரு சிஸ்பிளாட்டின் கீமோ என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். இதற்குள் உறவினர் ஒருவர், “சென்னையிலேயே ப்ரோட்டான் ரேடியேஷன் இருக்கிறபோது பழைய கரண்ட்டை ஏன் வைக்கிறீர்கள்?” என்று கேட்டிருக்கிறார். விசாரித்ததில் 25 லட்சம் ஆகும் என்று தெரிந்திருக்கிறது. ஊரில் இருக்கும் ஒன்றரை ஏக்கரை விற்றால் கட்டிவிடலாம். விற்கலாமா?

தம்பி, நீங்கள் கொடுத்த விவரங்களை வைத்துச் சொல்கிறேன்: விற்க வேண்டாம். ஐ.எம்.ஆர்.டி.க்குத் தேதி கொடுத்தால் அந்தத் தேதியிலேயே தொடங்குங்கள். நான் மருத்துவர் இல்லை. ரேடியேஷன் பிரிவில் 18 வருடமாக மருத்துவ இயற்பியலாளராக இருக்கிறேன். கட்டிக்கு எவ்வளவு கதிர் போக வேண்டும், பக்கத்து உறுப்புகளுக்கு எவ்வளவோடு நிற்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் திட்டம் போட்டு மருத்துவரிடம் கொடுப்பது என் வேலை. தினமும் இதே கழுத்தும் இதே தொண்டையும்தான் என் திரையில். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அப்பாவுக்குக் கொடுக்கப்போவது மொத்தம் 70 கிரே (கதிரின் அளவை எண்ணும் அலகு), ஒரு நாளைக்கு 2 கிரே வீதம் 35 நாள். வாரம் ஐந்து நாள் என்றால் ஏழு வாரம். ஐ.எம்.ஆர்.டி. கொடுக்கும் லீனாக் இயந்திரத்தில் வருவது எக்ஸ்ரே. அது ஒரு பக்கம் நுழைந்தால் மறுபக்கம் வெளியே போகும். கட்டியைத் தாண்டியும் போய்க்கொண்டிருக்கும் அந்த மிச்சக் கதிர்தான் வாய் வறட்சி, ருசி போவது, விழுங்க முடியாமல் போவது எல்லாவற்றுக்கும் ஒரு காரணம். ப்ரோட்டான் அப்படியில்லை. எவ்வளவு வேகத்தில் அனுப்புகிறோமோ அதற்கேற்ற ஆழம் வரை போய், வழியில் குறைவாகவும் கடைசி சில மில்லிமீட்டரில் உச்ச அளவிலும் தன் சக்தியை இறக்கிவிட்டு நின்றுவிடும். இந்தக் குணத்தை வைத்துச் சிகிச்சை செய்யலாம் என்று அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வில்சன் 1946-லேயே எழுதினார். 1954-ல் பெர்க்லியில் முதல் நோயாளிக்குக் கொடுத்தார்கள். மருத்துவமனைக்கென்றே கட்டிய முதல் பெரிய ப்ரோட்டான் மையம் 1990-ல் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டாவில் வந்தது. நம் நாட்டில் 2019 ஜனவரியில் சென்னை அப்போலோவில் தொடங்கியது. 2023-ல் நவி மும்பை கார்கரில் டாடா நினைவு மையத்தின் ஆய்வு வளாகத்திலும் வந்துவிட்டது.

இதைக் கேட்டால் யாருக்கும் ப்ரோட்டான்தான் மேல் என்று தோன்றும். படத்தைப் பார்த்தால் இன்னும் தோன்றும். ஒரே நோயாளிக்கு இரண்டு முறையிலும் திட்டம் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஐ.எம்.ஆர்.டி. படத்தில் வாய் முழுக்க வெளிர் நீலம் படர்ந்திருக்கும். ப்ரோட்டான் படத்தில் வாயின் முன்பாதி கறுப்பாகச் சுத்தமாக இருக்கும். அந்த நீலம் குறைந்த அளவுக் கதிர். அது குறைந்தால் குமட்டல் குறையும், ருசி சீக்கிரம் திரும்பும். அது உண்மையான லாபம்தான். ஆனால் விழுங்கும் வேலையைச் செய்கிற தசைகள் தொண்டையின் பின்சுவரில், டான்சிலை ஒட்டியே இருக்கின்றன. கட்டி இருக்கும் பக்கத்தில் அவற்றை எந்தக் கதிராலும் தப்பவைக்க முடியாது. கட்டிக்கு 70 கிரே கொடுத்தால் ஒட்டியிருக்கிற தசைக்கும் ஏறத்தாழ அதே அளவு போய்த்தான் தீரும். அந்த இடத்தில் இரண்டு படமும் ஒரே சிவப்பு.

இன்னொன்று. உங்கள் உறவினர் சொன்ன ‘பழைய கரண்ட்’ என்பது கோபால்ட் என்கிற பழைய ரேடியேஷன் எந்திரக் காலத்து நினைவு. அந்த நாளில் இரண்டு பக்கமும் நேராக வைத்து அடிப்பார்கள், உமிழ்நீர்ச் சுரப்பி இரண்டும் போய்விடும். இட்லியைக்கூடச் சாம்பாரில் ஊறவைத்துத் தண்ணீர் குடித்துக் குடித்து இறக்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த நிலையை மாற்றியது ஐ.எம்.ஆர்.டி. பிரிட்டனில் 94 பேரை வைத்து நடத்தி 2011-ல் வெளியான பார்ஸ்போர்ட் ஆய்வில், ஒரு வருடம் கழித்து கணிசமான வாய் வறட்சி இருந்தவர்கள் பழைய முறையில் 100-க்கு 74, ஐ.எம்.ஆர்.டி.யில் 38. பெரிய தாவல் அப்போதே நடந்துவிட்டது. ப்ரோட்டானுக்கு மிச்சமிருப்பது அதற்கு மேலே ஏற வேண்டிய படி.

அந்தப் படி எவ்வளவு உயரம்? நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வுகள் இரண்டு முக்கியம். இரண்டும் உங்கள் அப்பாவுக்கு இருக்கிற அதே தொண்டைப் பகுதிப் புற்றைப் பற்றியவை. முதலாவது, அமெரிக்காவில் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மருத்துவமனையின் தலைமையில் பல மையங்களில் 440 பேரை வைத்து நடந்தது. நோய் திரும்பாமல் மூன்று வருடம் கடந்தவர்கள் இரண்டு பக்கமும் 100-க்கு 83 சொச்சம். அதாவது புற்றை அடக்குவதில் வித்தியாசம் இல்லை. சிகிச்சையின்போது உணவு செலுத்தும் குழாய் வைக்க வேண்டி வந்தது ஐ.எம்.ஆர்.டி. பக்கம் 100-க்கு சுமார் 40 பேருக்கு, ப்ரோட்டான் பக்கம் 27, 28 பேருக்கு. ஐந்து வருட முடிவில் உயிரோடு இருந்தவர்கள் ப்ரோட்டான் பக்கம் 100-க்கு சுமார் 91, மற்றப் பக்கம் 81. இந்தக் கடைசி எண்ணை மறைத்துவிட்டு உங்களுக்குப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாளை யாராவது உங்களிடம் இதை நீட்டிப் பயமுறுத்தக்கூடும் என்பதால் நானே சொல்கிறேன்.

இரண்டாவது, பிரிட்டனில் நடந்த டார்பீடோ ஆய்வு, 205 பேர். ஒரு வருடம் கழித்து வாழ்க்கைத் தரம், குழாயை நம்பியிருப்பது, கடுமையான எடைக் குறைவு என்று பார்த்தார்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே வந்தது. இரண்டு பக்கமும் நன்றாகவே இருந்தார்கள் என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

ஒரே நோய், ஏன் வேறு வேறு விடை? என் வாசிப்பு இது. அமெரிக்க ஆய்வு குழாயைக் கணக்கெடுத்தது சிகிச்சை நடக்கும் ஏழு வார வேதனையில். பிரிட்டன் ஆய்வு பார்த்தது எல்லாம் ஆறிய பிறகு. இதைவிட முக்கியம், ஒப்பிடப்பட்ட ஐ.எம்.ஆர்.டி. எவ்வளவு அக்கறையாகத் திட்டமிடப்பட்டது என்பது. நல்ல ஐ.எம்.ஆர்.டி.யோடு வைத்துப் பார்த்தால் ப்ரோட்டானின் லாபம் சுருங்கும், சுமாரான ஐ.எம்.ஆர்.டி.யோடு வைத்தால் பெருகும். அந்த 91, 81 வித்தியாசத்தைப் பொறுத்தவரை, நோய் திரும்புவதில் வித்தியாசம் இல்லாதபோது உயிர் வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதுதான் இப்போதைய பெரிய விவாதம். அந்த ஆய்வில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எச்.பி.வி. வைரஸால் வந்த புற்று. அது சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும், ஆள் 20, 30 வருடம் வாழ்வார், ஆகவே பின்விளைவு குறைவதன் பலனை அத்தனை வருடமும் அனுபவிப்பார். பீடியால் வந்த புற்று வேறு வகை. அதில் முதல் எதிரி, கட்டி அதே இடத்தில் திரும்புவது. அந்த எதிரியிடம் ப்ரோட்டானுக்குத் தனி ஆயுதம் எதுவும் இல்லை. அப்பாவின் புற்று எச்.பி.வி. வகையா என்று காட்டும் பி16 பரிசோதனையைப் பயாப்சியில் செய்தார்களா என்று கேளுங்கள். சில ஆயிரம் ரூபாய்ப் பரிசோதனை. 25 லட்சக் கேள்வியை அதைப் பார்க்காமல் யோசிக்கவே கூடாது.

இனி காசுக் கணக்கு. சிகிச்சைகளின் செலவையும் பலனையும் எடைபோடுகிறவர்கள் ‘முழு நலத்தோடு வாழ்ந்த ஒரு வருடம்’ என்பதை ஓர் அலகாக வைத்துக்கொள்வார்கள். வாய் வறண்டு, குழாயில் கஞ்சி குடித்து வாழ்ந்த வருடத்தை முழு ஒன்றாக எண்ணாமல் கொஞ்சம் குறைத்து எண்ணுவார்கள். அப்படிக் கிடைக்கிற ஒவ்வொரு கூடுதல் வருடத்துக்கும் என்ன விலை என்பதுதான் செலவுக்கேற்ற பலன் என்கிற கணக்கு.

நெதர்லாந்தில் 2013-ல் தலை, கழுத்துப் புற்றுக்கே இந்தக் கணக்கைப் போட்டார்கள். எல்லாருக்கும் ஐ.எம்.ஆர்.டி. கொடுத்தால் ஆளுக்குச் சுமார் 41,000 யூரோ. எல்லாருக்கும் ப்ரோட்டான் என்றால் 51,000 யூரோ. இந்தக் கூடுதல் 10,000 யூரோவுக்குக் கிடைக்கும் லாபம் சராசரியாக ஒரு நல வருடத்தில் பத்தில் ஒரு பங்கு. சுமார் 36 நாள். அதன்பின் மூன்றாவது வழி ஒன்றையும் பார்த்தார்கள்: ஒவ்வொருவருக்கும் இரண்டு திட்டமும் போட்டுப் பார்த்து, யாருக்குப் பலன் தெரிகிறதோ அவருக்கு மட்டும் ப்ரோட்டான். அப்போது ஒரு நல வருடத்தின் விலை 60,000 யூரோ அளவில் வந்தது. அந்தத் தேர்வைத் தாண்டி மீதிப் பேருக்கும் கொடுத்துக்கொண்டே போனால், கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் 1,28,000 யூரோ. எந்திரம் அதேதான். யாரைப் படுக்கவைக்கிறோம் என்பதில் விலை இரட்டிப்பாகிறது. இந்த மாதிரித் தேர்வுதான் அந்த நாட்டில் இன்றும் நடக்கிறது. வறட்சி, விழுங்கும் சிரமம் வரும் வாய்ப்பு ப்ரோட்டானால் குறிப்பிட்ட அளவு குறையும் என்று திட்டத்தில் காட்டினால்தான் காப்பீடு பணம் கொடுக்கும். மிதமான பின்விளைவு என்றால் 100-க்கு 10 புள்ளி, கடுமையானது என்றால் 5 புள்ளி குறைய வேண்டும். எனக்கு இந்த முறை மீது பெரிய மரியாதை உண்டு. ப்ரோட்டானை விரட்டவும் இல்லை, கொண்டாடவும் இல்லை. ஆளைப் பார்த்துக் கொடுக்கிறார்கள்.

நம்மூருக்கு வாருங்கள். இந்தியாவில் அரசு சார்பில் சிகிச்சைகளை மதிப்பிடுகிறவர்கள், ஒரு நல வருடத்துக்கு நாட்டின் தலைக்குரிய ஆண்டு வருமான அளவு வரை செலவிடலாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது சுமார் 2 லட்சம் ரூபாய். ப்ரோட்டானுக்கும் ஐ.எம்.ஆர்.டி.க்கும் உங்கள் விஷயத்தில் வித்தியாசம் 20 லட்சத்துக்கு மேல். 20 லட்சத்தை 2 லட்சத்தால் வகுத்துப் பாருங்கள். அப்பாவுக்கு ப்ரோட்டானால் மட்டும் பத்து முழு வருடம் கூடுதலாகக் கிடைத்தால்தான் கணக்கு நேராகும். நெதர்லாந்துக் கணக்கில் கிடைத்தது 36 நாள். அமெரிக்க ஆய்வின் உயிர்ப் பலன் முழுக்க நிஜம் என்றே வைத்துக்கொண்டு தாராளமாகப் போட்டாலும் எனக்கு அரை வருடம், ஒரு வருடத்துக்கு மேல் வரவில்லை. ஒரு நல வருடம் 20 முதல் 40 லட்சம். யூரோ நாட்டில் தள்ளாடுகிற கணக்கு இங்கே நிற்கவே இல்லை.

ஏன் இவ்வளவு விலை என்று கேட்பீர்கள். லாபம் பார்க்கிறார்கள் என்பது மட்டுமே காரணம் இல்லை. புரோட்டானை முடுக்குகிற சைக்ளோட்ரான், அதை வளைத்துக் கொண்டுவரும் காந்தங்கள், நோயாளியைச் சுற்றிச் சுழலும் நூறு டன்னுக்கு மேற்பட்ட கேன்ட்ரி, மூன்று மாடி உயரக் கூடம், இரண்டு மீட்டருக்கு மேல் தடித்த கான்கிரீட் சுவர். சென்னை மையம் முழுவதற்கும் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஆனதாக அறிவித்தார்கள். ஒரு நல்ல லீனாக்கை அதில் மிகச் சிறு பங்குக்கு வாங்கிவிடலாம். லீனாக்கில் ஒரு நோயாளி படுத்து எழுந்திருக்கப் பதினைந்து நிமிடம். ப்ரோட்டான் அறையில் அரை மணி. ஆகவே ஒவ்வொரு நோயாளியின் தலையிலும் விழுகிற பங்கு அதிகம். தொண்டைப் புற்றுக்கு இன்னொரு செலவும் உண்டு. மூன்றாவது, நான்காவது வாரத்தில் ஆள் மெலிவார், தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடிக்கும் மாஸ்க் லூசாகும், கழுத்தில் நெறி கரையும். எக்ஸ்ரே இதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். ப்ரோட்டான் பொறுக்காது. நடுவில் சதை குறைந்தால் அது நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி நிற்கும். எனவே அடிக்கடி ஸ்கேன் எடுத்துத் திட்டத்தைத் திரும்பப் போட வேண்டும்.

இவ்வளவு சொன்னதால் ப்ரோட்டானே வீண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மண்டையோட்டின் அடித்தளத்தில் வரும் கார்டோமா, காண்ட்ரோசார்கோமா என்கிற கட்டிகள், கண் நரம்பை உரசிக்கொண்டிருக்கும் மூக்கறைப் புற்று, ஏற்கெனவே ரேடியேஷன் வாங்கிய இடத்தில் திரும்ப வந்த கட்டி, எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தைகள்: இங்கெல்லாம் ப்ரோட்டானுக்கு இடம் உண்டு. எட்டு வயதுப் பிள்ளைக்கு அறுபது வருட வாழ்க்கை பாக்கி. மூளைக்கும் எலும்பு வளர்ச்சிக்கும் போகாத ஒவ்வொரு கிரேயும் அந்த அறுபது வருடத்துக்குமான லாபம். அங்கே பத்து நல வருடம் என்பது எட்டாத எண் இல்லை. அப்படி ஒரு பிள்ளையின் அப்பா இதே கேள்வியைக் கேட்டிருந்தால், நானே கார்கருக்கு ஃபைலை அனுப்பிக் கருத்துக் கேட்கச் சொல்லியிருப்பேன். அது அணுசக்தித் துறையின் கீழ் வரும் நிறுவனம். இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு அரசே செலவை ஏற்க வேண்டும் என்று எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். பீடிப் புற்றுக்காரரின் ஒன்றரை ஏக்கரில் அந்த எந்திரம் ஓடக் கூடாது.

இப்போது நான் நேரில் பார்த்த ஒன்று. மூன்று வருடம் முன்பு, உங்கள் அப்பா வயதுக்காரர், ஏறத்தாழ இதே இடத்தில் கட்டி. மாஸ்க் செய்து, ஸ்கேன் எடுத்து, திட்டமும் முடித்து வைத்திருந்தேன். தொடங்க வேண்டிய திங்கட்கிழமை வரவில்லை. வேறோர் இடத்தில் ப்ரோட்டானுக்குப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். பத்திரம் கைமாறுவதில் தாமதம், ஐந்து வாரம் போயிற்று, பணமும் முழுசாகச் சேரவில்லை. திரும்பி எங்களிடமே வந்தார்கள். நெல்லிக்காய் அளவிருந்த நெறிகட்டி எலுமிச்சை அளவாகியிருந்தது. பழைய மாஸ்க் கழுத்தில் உட்காரவில்லை. இன்னொன்று செய்தோம். அவர் மனைவி அந்தப் பழைய மாஸ்க்கை எடுத்துப் போகலாமா என்று கேட்டார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

தாமதத்தின் விலைக்கு எண் உண்டு. தொடங்கிய ரேடியேஷன் நடுவில் ஒரு நாள் தடைபட்டால், கட்டி கட்டுப்படும் வாய்ப்பு 100-க்கு ஒன்று, ஒன்றரைப் புள்ளி அளவு குறைகிறது. ஒரு வாரம் விட்டால் கீமோ சேர்த்துக் கிடைத்த லாபமே கரைந்துவிடும். ப்ரோட்டானா எக்ஸ்ரேயா என்பதைவிட, 35 நாளும் இடைவெளி இல்லாமல் முடிகிறதா என்பது அப்பாவின் உயிருக்குப் பெரிய கேள்வி.

ஆகவே காசை இங்கே போடுங்கள். மருத்துவமனைக்குப் பத்து நிமிட தூரத்தில் ஏழு வாரத்துக்கு ஒரு ரூம் எடுங்கள். தினமும் பஸ்ஸில் மூன்று மணி நேரம் வருகிறவர்கள்தான் ஐந்தாவது வாரத்தில் நின்றுபோகிறவர்கள். தொடங்கும் முன் பல் மருத்துவரிடம் காட்டிச் சொத்தைப் பல்லைப் பிடுங்கிவிடுங்கள். பின்னால் பிடுங்கினால் தாடை எலும்பு அழுகும் ஆபத்து உண்டு. முதல் நாளிலிருந்தே விழுங்கும் பயிற்சி கொடுக்க ஸ்பீச் தெரபிஸ்ட்டைப் பாருங்கள். தொண்டை வலித்தாலும் தினம் ஏதாவது விழுங்கிக்கொண்டிருக்க வேண்டும், மோர் சாதத்தை மசித்தாவது. மூக்குக் குழாய் போடச் சொன்னால் மறுக்காதீர்கள். அது தோல்வி இல்லை, எடை விழாமல் பிடித்துக்கொள்ளும். பீடியை இன்றே நிறுத்த வேண்டும், சிகிச்சை நடக்கும்போது புகைத்தால் கதிரின் பலனே குறையும்.

மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள்: “விழுங்கும் தசைகளைத் தனியாக வரைந்து, அவற்றுக்குக் கதிர் குறைகிற மாதிரி திட்டம் போடுவீர்களா?” இதற்குப் புது எந்திரம் வேண்டாம். அதே லீனாக், அதே ஐ.எம்.ஆர்.டி., திட்டம் போடுகிறவர் கூடுதலாக உட்கார வேண்டும், அவ்வளவுதான். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 112 பேரை வைத்து நடத்தி 2023-ல் வெளியான டார்ஸ் ஆய்வில், இப்படித் திட்டமிட்டவர்களுக்கு ஒரு வருடம் கழித்து விழுங்கும் திறன் மதிப்பெண் 77.7. வழக்கமான ஐ.எம்.ஆர்.டி.யில் 70.6. கட்டி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து எல்லாருக்கும் ஒரே அளவு முடியாது, ஆனால் கேட்டால் முயற்சி நடக்கும். இந்த ஏழு புள்ளிக்கு நோயாளி ஒரு ரூபாயும் கூடுதலாகக் கட்டவில்லை.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ரேடியேஷனும் கீமோவும் வரும். அட்டை இல்லையென்றால் வருமானச் சான்றுக்கு வி.ஏ.ஓ.விடம் நாளைக் காலையே போங்கள். மாஸ்க் செய்யும் நாளுக்குள் கையில் இருக்கட்டும். அன்று அப்பாவுக்கு நன்றாகச் சவரம் செய்து கூட்டிக்கொண்டு வாருங்கள். தாடியோடு மாஸ்க் செய்துவிட்டுப் பிறகு மழித்தால் லூசாகிவிடும், எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும்.